வலது விளக்கை நான் வழிக்குக் கொண்டுவந்த விதம்

முருகன் துணை

லாரிக்கொட்டகை,
மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டம், மலாயா,
1952, புரட்டாசிக் கடைசி ஞாயிறு.

மலாக்காப் பட்டணத்தில் மோட்டார் பட்டறை நடத்தி, எந்த வண்டியின் கோளாறையும் ஒரே பார்வையில் சொல்லிவிடும் மரியாதைக்குரிய மச்சான் காளிதாஸ் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கச்சி குஞ்சம்மாளைக் கட்டிய நல்லமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் லாரியும் சுகம். லாரியில் குறிப்பாக வலது பக்க விளக்கு மிகமிகச் சுகம். கிளேபாங் வீட்டில் நீங்களும் மங்களம் அக்காவும் சுகம்தானா என்று அறிய ஆவல். அந்த வலது விளக்கைப் பற்றி நீங்கள் பட்டறையில் நாலு பேர் முன்னிலையில் சொன்ன வார்த்தைகள் மட்டும் சுகமாக இல்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படியுங்கள்.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பாதியிலிருந்து கேட்டுவிட்டுத்தான் அன்றைக்குச் சிரித்தீர்கள். இந்த வருஷம் ஆயுத பூஜையைத் தோட்டத்தில் அமர்க்களமாகக் கொண்டாடினோம். லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டி, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலத்தைக்கூட வெளியே விடாத காலத்தில், சாமிக்காவது குறை வைக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம். லாரியைக் கழுவி மாலை போட்டோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். இடது விளக்குக்குப் பூசாரி பொட்டு வைத்தார். அவர் சந்தனத்தில் சிக்கனக்காரர், மிளகளவு வைத்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தோடு வந்து, வலது விளக்குக்குத் திருநீற்றுப் பட்டையும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமுமாக, மாரியம்மனுக்கே செய்வதுபோலச் செய்தாள். தோட்டமே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இவ்வளவு பக்தியாக நடந்துகொண்டதற்குப் பலனாக மறுநாளே வலது விளக்கு மக்கர் பண்ண ஆரம்பித்தது. ரப்பர் ஷீட்டை மலாக்காவில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பொழுது இறங்கிவிடும் அல்லவா, தோட்டத்து முச்சந்தியில் போலீஸ் தடுப்பு போட்டிருக்கிற இடத்துக்கு வரும்போது விளக்குப் போடாமல் முடியாது. இடது விளக்கு ஒழுங்காக ரோட்டில் விழுகிறது. வலது விளக்கோ கஞ்சியைக் கொட்டினதுபோல நாலு பக்கமும் வழிகிறது, போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறது. தடுப்பில் நிற்கும் மலாய்க்காரச் சார்ஜன், விளக்கு தன் கண்ணில் அடிக்கிறது, வண்டியின் நம்பரே தெரியவில்லை என்று ஒரு நாள் எச்சரித்தார். அடுத்த நாள் எனக்கு ரோடே தெரியாமல் போய், அவர் குறுக்கே வைத்திருந்த எண்ணெய்ப் பீப்பாயில் இடித்துவிட்டேன். பீப்பாய் உருண்டு ஓடையில் விழுந்தது, புகார் உருண்டு துரையிடம் போனது. துரை என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் விளக்குச் சரியாகாவிட்டால் சாவியை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் சகலை தங்கராஜுவிடம் கொடுத்துவிட்டு, நான் பழையபடி பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மச்சான், நான் நிஜமாகவே பயந்துபோனேன். அந்தச் சீட்டில் ஏறிய பிறகுதான் என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் 'டிரைவர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இறங்கினால் மறுபடியும் 'டேய்' ஆகிவிடுவேன்.

அந்தப் பயத்தில்தான் உங்கள் பட்டறை வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நீங்கள் வந்தீர்கள், விளக்கின் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள், விரலால் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். உள்ளே வெள்ளிப்பூச்சு போய்விட்டது, இது சண்டைக் காலத்து லாரி, இதற்கு மலாக்காவில் விளக்குக் கிடையாது, சிங்கப்பூருக்கு எழுதிப்போட்டு ஒரு மாசம் காத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னீர்கள். வெள்ளியில் குற்றமில்லை, விளக்கு நிற்கிற காம்பு கோணிப்போயிருக்கிறது, விளக்கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பி நிறுத்த ஒரு தாங்கி இருந்தால் போதும் என்று நான் பணிவாகச் சொன்னேன். அதற்கு நீங்கள், “மாப்ள, ஸ்டேரிங் புடிக்கறவன் ஸ்டேரிங்கத்தான் புடிக்கணும், என்ஜினீயர் வேலையெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அதிலே ஒருவன் பஞ்சர் ஒட்டுகிறவன், அவனும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. உங்கள் தங்கச்சி தலைவாரிக்கொண்டிருந்தாள். அவள் எதிரே நீங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கண்ணாடி. நின்றால் மேலே திருப்பினாள், உட்கார்ந்தால் கீழே சாய்த்தாள், ஜன்னல் வெளிச்சம் மாறினால் பக்கவாட்டில் நகர்த்தினாள். வைத்த இடத்தில் அது அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் இரும்புக் கை, கையால் திருகுகிற மாதிரிக் காதுவைத்த திருகாணி, அடியில் சுழலும் தட்டு. நான் தேடிக்கொண்டிருந்த தாங்கி என் வீட்டிலேயே தலைவாரிக்கொண்டிருந்தது. அவள் கொல்லைப்பக்கம் போன சமயம் பார்த்துப் பிரித்துவிட்டேன். கழற்றும்போது கண்ணாடி கொஞ்சம் உடைந்துவிட்டது. கொஞ்சம் என்றால், முழுவதும். அதன் பிறகு உங்கள் தங்கச்சி பேசியதை எழுத இந்தக் காகிதம் போதாது, அதில் பாதி உங்களையும் சேர்த்து என்பதால் விட்டுவிடுகிறேன். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு பட்டை வெட்டி விளக்கைச் சுற்றிக் கட்டி, இரும்புக் கைக்குள் பொருத்தி, மட்காட்டின்மேல் முடுக்கினேன். மச்சான், ஒரு விரலால் தொட்டால் விளக்கு ஆமாம் என்று தலையாட்டும், இன்னொரு விரலால் தொட்டால் இல்லை என்று தலையாட்டும்.

ஆனால் விளக்கைக் குறிபார்த்து நிறுத்த வேண்டுமென்றால் இருட்டு வேண்டும், எதிரே ஒரு வெள்ளைச் சுவர் வேண்டும். இருட்டில் வெளியே நின்றால் சுட்டுவிடுவார்கள். ஆகவே பட்டப்பகலில் ரப்பர் ஸ்டோருக்குள் லாரியை விட்டு, கதவையெல்லாம் சாத்தி, எதிரே என் கல்யாண வேட்டியைத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டேன். வேட்டிக்குப் பின்னால் ஷீட்டுக் கட்டுகளின்மேல் நம்முடைய கிராணி பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? திடீரென்று மூஞ்சியில் வெளிச்சமும் காதில் என்ஜின் சத்தமுமாக எழுந்தவர், காட்டில் இருப்பவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று வேட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான் பயந்து ஹாரனை அழுத்திவிட்டேன். கேட்டில் இருந்த காவல்காரர்கள் துப்பாக்கியோடு ஓடிவந்து கதவைத் திறந்தால், உள்ளே பனியனோடு கிராணி, லாரிக்குள் நான், இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறோம். இது துரைக்குப் போன இரண்டாவது புகார். இவ்வளவு நடந்தும் வேட்டியில் விழுந்த வெளிச்சத்தின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தபடியே இருந்தது. நானும் மேலே திருப்பினேன், கீழே திருப்பினேன், திட்டும் கூடவே வந்தது. கோணம் இன்னும் சரியாக அமையவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது புகாருக்குச் செம்மண் ரோட்டின் குலுக்கல்தான் பொறுப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் திருகாணி தளர்ந்து, விளக்கு மேலே பார்க்க ஆரம்பித்தது. மேட்டின்மேல் போலீஸ் கொட்டகை, கொட்டகைக்குப் பக்கத்தில் கிணறு, கிணற்றடியில் சார்ஜன் கைலியோடு குளித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று நான் பிரேக் போட்டேன், விளக்கு கீழே இறங்கியது. பிரேக்கை விட்டேன், மேலே ஏறியது. இப்படி நாலைந்து தரம் அவரைக் காட்டிக் காட்டி மறைத்ததில், சோப்புநுரையோடு இறங்கிவந்து, காட்டுக்குள் யாருக்குச் சாடை காட்டுகிறாய் என்று மலாயில் கேட்டார். கொட்டகையில் உட்காரவைத்து, அடையாளக் கார்டை வாங்கிவைத்துக்கொண்டு, துருவித் துருவி விசாரித்தார்கள். கண்ணாடியில் ஆரம்பித்து உங்கள் சீர்வரிசை வரைக்கும் சொன்னேன். நம்பினார்களோ இல்லையோ, சிரித்தார்கள். கடைசியில் சனிக்கிழமை துரையோடு வா, தடுப்பின் முன்னால் விளக்கைப் போட்டுக் காட்டு, சரியில்லையென்றால் வண்டி இங்கேயே நிற்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமையும் வந்தது. உங்கள் தங்கச்சி, நீங்க தனியாப் போனா கோவத்துல எதையாவது பேசிடுவீங்க என்று கூடவே வரப் புறப்பட்டாள். புறப்படுகிற நேரத்தில் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு ஏதோ பண்ணிக்கொண்டே இருந்தாள், நான் பொறுமை இழந்து ஹாரன் அடித்த பிறகுதான் வந்து ஏறினாள். தடுப்பில் துரை, கிராணி, சாவி வாங்குவதற்காகவே எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்த தங்கராஜு, புதுப் பீப்பாயோடு சார்ஜன், எல்லாரும் நிற்கிறார்கள். வெளிச்சம் மங்கிவிட்டது. நான் இறங்கினேன். முருகனை நினைத்துக்கொண்டு, திருகாணியின் காதைப் பிடித்து அரைத் திருகு, அரைத் திருகுதான் மச்சான், திருகிவிட்டு விளக்கைப் போட்டேன். வெளிச்சம் நேராகப் போனது. ரோட்டைத் தொட்டுக்கொண்டே போனது. பீப்பாயில் வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதியிருந்த எழுத்துத் தெரிந்தது, அதற்கப்பால் மைல்கல் தெரிந்தது, அதற்கும் அப்பால் மலாய்க்காரர் கிராமத்துக் கோழி ஒன்று ரோட்டைக் கடந்துபோனது, அது சேவலா பெட்டையா என்பதுகூடத் தெரிந்தது. கறுப்புத் திட்டு போன இடம் தெரியவில்லை. சார்ஜன் முழு உடுப்போடு வெளிச்சத்தின் எதிரே நின்று பார்த்து, “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் மெச்சி என் முதுகில் தட்டினார். துரை தாங்கியை ஆட்டிப்பார்த்து, திருகிப்பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். கூட இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை வெளிச்சத்தின்மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டேன்.

சாவி என் மடியில் இருக்கிறது. தங்கராஜு நாளையிலிருந்து வழக்கம்போல ஷீட்டு அடுக்கப் போகிறான். தோட்டத்து ஜீப்புக்கும் ஆஸ்பத்திரி வண்டிக்கும் இதே மாதிரித் தாங்கி வேண்டும் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். நாளைச் சாயங்காலம் பக்கத்துத் தோட்டங்களின் துரைமார்களை வேறு கூட்டிவந்து என் விளக்கைக் காட்டப்போகிறாராம். ஆகவே உங்கள் பட்டறையில் வேலை கம்மியாக இருந்தால், என் மேற்பார்வையில் நீங்கள் சில தாங்கிகள் செய்துகொடுக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. தீபாவளிக்கு வரும்போது நீங்கள் லாரியின் முன்னால் நின்று, அன்றைக்குச் சிரித்த சிரிப்பை எல்லார் முன்னிலையிலும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஒட்டுகிறவனையும் கூட்டிவந்தால் நல்லது.

மங்களம் அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல், உங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு மட்டும் குறை மேல் குறை வந்து, தொழில் பெருக அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை என்றும் மறவாத,
லாரி டிரைவர் நல்லமுத்து.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கச்சிக்குப் படித்துக்காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, நான் அந்த வெளக்கத் தொடச்சத மட்டும் எழுதலயே?” என்றாள். எதைத் துடைத்தாய் என்று கேட்டேன். “கண்ணாடியத்தான் ஒடச்சிட்டீங்களே, பொட்டு வெக்க மூஞ்சிய எங்க பாக்கறது? அந்த வெளக்குல பாக்கலாம்னு போனேன். நடுவுல பழைய சந்தனம் காஞ்சி அப்பிக்கெடந்துச்சி, மூஞ்சியே தெரியல. தண்ணி தெளிச்சி முந்தானையால நல்லாத் தொடச்சிட்டேன்லா” என்றாள். மச்சான், நான் தினமும் காலையில் அந்த விளக்குக் கண்ணாடியைத் துடைத்தவன். சாமி சந்தனத்தில் துணி பட்டுவிடக் கூடாதென்று சுற்றிச் சுற்றித் துடைத்தவன். நீங்களும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் வெள்ளிப்பூச்சு போய்விட்டது என்றீர்கள் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். ஆகையால் சிரிப்பைத் திருப்பி வாங்கும் நிபந்தனையை ரத்துசெய்கிறேன். இப்போது விஷயம் அதுவல்ல. சாமி சந்தனத்தைத் துடைத்தது குற்றமாகிவிட்டதாம், வண்டிக்குக் கண்ணும் பட்டுவிட்டதாம். உங்கள் தங்கச்சி இப்போதுதான் இரண்டு விளக்குக்கும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புதுச் சந்தனம் அப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருகிறாள். நாளைச் சாயங்காலம் துரைமார்கள் வருகிறார்கள். எனக்குத் துடைக்கத் தைரியம் இல்லை. கூடப்பிறந்த அண்ணன் துடைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கடைசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்டவுடன், காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வழியில் உம்பாயில் மீன் வாங்கக்கூட இறங்காமல் நேராக வந்துசேருங்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஓர் ஈரத்துணியும் கையோடு கொண்டுவாருங்கள்.