ஷ்லீரன் பாதுஷாவின் வாரிசுப் போர்

பெற்ற பிள்ளைகள் தன்னைப் பிடித்துச் சிறையில் போட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டே வெண்டிக்காய் விற்ற மனிதர், சுவிஸ் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். ஷ்லீரன் என்ற சிறு நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவரை நாங்கள் பாதுஷா என்போம். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்தச் சரித்திர வருத்தம் அவருக்குத் தொற்றியது அகதி முகாமில். அவருடைய அறையில் ஒரு துருக்கிக்காரன், ஒரு ஈரான்காரன், ஒரு லாகூர்க்காரன். ஒட்டோமான் பெரிதா, சஃபாவி பெரிதா, மொகலாயர் பெரிதா என்று ஒரே அடுப்பைச் சுற்றி நின்று மூவரும் சண்டை. யாழ்ப்பாணத்தானுக்கு அந்தளவு சாம்ராஜ்யம் இல்லாதபடியால் இவரை நடுவராக்கினார்கள். விசா கிடைத்து வெளியே வந்தபோது டொச்சில், அதுதான் ஜெர்மனில், வணக்கம் சொல்லத் தெரியாது. எந்தச் சுல்தான் எந்தத் தம்பியைக் கொன்றான் என்பது மட்டும் தண்ணீர்பட்ட பாடு.

அவரோடு வெளியே போனால் மானம் மிஞ்சாது. கெபாப் கடை வரிசையில் நின்று, இறைச்சி வெட்டுகிற துருக்கிப் பெடியனிடம், "உங்கடை ஆக்கள் ஏன் வியன்னாவைப் பிடிக்காமல் திரும்பினவங்கள்?" என்று விளக்கம் கேட்பார். பின்னால் சனம் பசியோடு முறைக்கும். நான் அவரைத் தெரியாதவன் மாதிரி விலைப்பலகையைப் படிப்பேன்.

மூன்று ஆண்பிள்ளைகள் பிறந்ததோடு மனிதருக்கு நித்திரை போய்விட்டது.

"ஷாஜகான் வருத்தமாய்ப் படுத்தவுடனை நாலு பெடியளும் சிம்மாசனக் கதிரைக்கு அடிபட்டவங்கள். வெண்ட அவுரங்கசீப் தேப்பனைக் கோட்டைக்குள்ளை பூட்டி வைச்சவன். எனக்கு மூண்டு பெடியள், கடை ஒண்டு. விளங்குதோ?"

"அண்ணை, அவருக்குத் தாஜ்மகால் இருந்தது. உங்களுக்கு இருக்கிறது ஒரு பழைய ஃபிறிட்ஜ்."

"கதிரை கதிரைதான் தம்பி!"

மொகலாயப் பேரரசர்கள் பிறந்தநாளில் தங்களைப் பொன்னோடு நிறுத்துத் தானம் கொடுப்பார்களாம். இவர் மூத்தவனின் பிறந்தநாளன்று அவனை மூட்டைத் தராசில் ஏற்றி, அதே பாரத்துக்கு அரிசி நிறுத்து, வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். பெடியனின் சுவிஸ் வகுப்பு நண்பர்கள் வாசலில் நின்று படமெடுக்க, அவன் அழாக்குறை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கம். வெட்கப்பட்டபடியே என் பங்கையும் வாங்கிக்கொண்டேன். நல்ல சம்பா, விட மனம் வரவில்லை.

ஒட்டோமான் இளவரசர்களை ஆளப் பழகட்டும் என்று மாகாணங்களுக்கு அனுப்புவார்களாம். இவரும் வளர்ந்த பிள்ளைகளுக்கு மாகாணம் பிரித்தார். மூத்தவன் ஜெனீவா, நடுவிலான் நொஷாட்டல், கடைசி கண்முன்னே ஷ்லீரனில். "தூரத் தூர இருந்தால் அடிபடமாட்டாங்கள்." மிளகாய்த்தூள் விற்க ஜெனீவா போனவன் அங்கே பஸ் ஓட்டத் தொடங்கினான். நொஷாட்டல்காரன் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தான். கடைசி கணினி படித்தான்.

போன வருடம் முழங்கால் மக்கர் பண்ணியதும் பாதுஷா தர்பார் கூட்டினார். கலியாண மேடைக்குக் கொடுக்கிற சிவப்புக் கதிரையை வாடகைக்கு எடுத்துக் கடை நடுவில் போட்டிருந்தார். வாடிக்கைக்காரர் நாங்கள்தான் சபை.

"இண்டைக்குக் கடை கைமாறுது. ஒருத்தரும் அடிபடக் கூடாது. ஆருக்கு வேணும், சொல்லுங்கோ" என்றார்.

"அப்பா, தம்பி எடுக்கட்டும்" என்றான் மூத்தவன்.

"ஐயோ, என்னை விடுங்கோ! சின்னவன்தானே பக்கத்திலை இருக்கிறான்" என்றான் நடுவிலான்.

"எனக்கு வேண்டவே வேண்டாம்! அண்ணையவை எடுக்கட்டும்!" என்றான் கடைசி.

ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்து மூவரும் கத்த, சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பாதுஷா சிரிக்கவில்லை. கதிரையின் தூசியைக் கையால் தட்டிக்கொண்டு நின்றார்.

சனம் போனபிறகு கிட்டப் போனேன். "பயந்தது ஒண்டும் நடக்கேல்லைத்தானே அண்ணை? சந்தோசப்படுங்கோவன்."

"அவுரங்கசீப் தேப்பனைப் பூட்டினவன்தான். எண்டாலும் தேப்பன்ரை கதிரைக்கு ஆசைப்பட்டவன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊரைக் கூப்பிட்டு வைச்சுக் கேட்டனே. எனக்கு வெக்கமாய்க் கிடக்கு தம்பி."

வெளியே மூன்று பெடியன்களும் தோளில் கைபோட்டபடி பகிடி விட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அந்தச் சிவப்புக் கதிரையைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன் அண்ணை. நீங்கள் எனக்கு அப்பாவாய் வாய்த்திருந்தால், அந்தக் கடைக்காகக் கூடப்பிறந்தவர்களோடு நான் கட்டாயம் அடிபட்டிருப்பேன்.