குக்கர் காட்டிய அமெரிக்கா

அமெரிக்கா முழுக்கச் சுற்றிவிட்டு அமெரிக்காவில் ஒன்றையுமே பார்க்காமல் திரும்ப உலகத்தில் ஒரே ஒருவனால்தான் முடியும். அவன் குக்கர். கூடப் போகிறவனையும் எதையும் பார்க்க விடமாட்டான் என்பது அவனுடைய கூடுதல் தகுதி. இதை எழுதும்போதே பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. பேனா மட்டம் என்று நினைக்காதீர்கள். கோபம்.

நியூ ஜெர்சியில், எடிசன் என்கிற ஊரில் அவன் என் ரூம்மேட். கரூர்க்காரன், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் எங்கே போனாலும் முதுகுப் பையில் ஒரு குட்டி எலெக்ட்ரிக் குக்கரோடு போனதால் நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு முழுக்க அவன் குக்கர்தான். காசு கொடுத்து வெளியில் சாப்பிடுவது அவன் மதத்தில் பாவம். சுவரில் பிளக் பாயின்ட் இருந்தால் அது அடுப்பங்கரை. ஒருமுறை ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் அவன் பொங்கல் வைக்க, மன்ஹாட்டன் வேலைக்குப் போகிற ஜனமெல்லாம் ரயிலை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது.

இந்த மகானோடு நான் ஊர் சுற்றக் கிளம்பியதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு வேலை போய்விட்டது. விசாக்காரன் கொடுத்த கெடுவுக்குள் வேறு வேலை கிடைக்கவில்லை. கோயம்புத்தூருக்கு மூட்டை கட்டியாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த அமெரிக்கா என்பது ஆபீஸ், அபார்ட்மென்ட், இட்லி மாவு விற்கிற கடை, அவ்வளவுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிற அந்தச் சிவப்புப் பாலத்தையாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இனி எந்த ஜென்மத்தில் வரப்போகிறேன்?

“நான் கூட்டிட்டுப் போறேன் மச்சி. நியூயார்க், டெக்ஸாஸ், சான் ஃபிரான்சிஸ்கோ. மூணையும் முடிக்கிறோம். நீ பர்ஸையே எடுக்கக் கூடாது” என்றான் குக்கர். அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும்.

முதலில் நியூயார்க். சுதந்திர தேவியை ஓசிப் படகில் போய்க் கட்டைவிரல் அளவுக்குக் காட்டினான். “பாத்தாச்சு. அடுத்தது?” உயரமான கட்டடம் ஒன்றில் ஏற நானே டிக்கெட் எடுத்தேன். வரிசை நகர்ந்து வாசலுக்கு வந்ததும் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒயரும் வெள்ளி உருளையுமாக ஒரு சாமான். அவர் முகம் மாறிப்போனது.

“வாட் இஸ் திஸ்?”

“லெமன் ரைஸ்” என்றான் குக்கர், மூடியைத் திறந்துகொண்டே. “ஸ்டில் ஹாட். யூ வான்ட்?”

இதை வெளியில் வைத்துவிட்டு வா என்றார் அவர். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வரச்சொன்ன மாதிரி குக்கர் சண்டைக்கு நின்றான். சேர்ந்து வந்த ஒரே குற்றத்துக்காக என்னையும் வரிசையிலிருந்து பிடித்து வெளியே தள்ளினார்கள். நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்து, “கீழேர்ந்து பாத்தாதான்டா ஃபுல்லா தெரியும், மேல போனா பில்டிங்கே தெரியாது” என்றான். அதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்து டெக்ஸாஸ். தனியாக ஊர் பார்க்க அல்ல. ஹூஸ்டனில் நெடுநேரம் காத்திருந்து விமானம் மாறும் டிக்கெட்தான் மலிவாம். அந்த இடைவெளிக்குப் பெயர் டெக்ஸாஸ் டூர். “ஸ்பேஸ் சென்டர்ல ராக்கெட் பாக்கப் போறோம். மேப்ல கிட்டதான் காட்டுது, நடந்துடலாம்” என்றான். டெக்ஸாஸில் நடந்தவன் என்று ஒருவனை நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்படவில்லை. பிளாட்பாரம் கிடையாது, நிழல் கிடையாது, எங்கள் இரண்டு பேரைத் தவிர மனுஷ வாடையே கிடையாது. உச்சிவெயிலில் ஃப்ரீவே ஓரமாகச் செருப்பு உருக நடந்தோம். ஒரு போலீஸ் கார் வந்து நின்றது.

“உங்கள் கார் எங்கே ரிப்பேர் ஆனது?” என்று கேட்டார் போலீஸ்காரர். கார் இல்லை, ராக்கெட் பார்க்க நடந்து போகிறோம் என்று சொன்னதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பாவம் பார்த்து எங்களை ஏற்றிக்கொண்டு, கிளம்பிய ஏர்போர்ட்டிலேயே திரும்ப இறக்கிவிட்டார். குக்கருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “போலீஸ் வண்டில ஃப்ரீ ரைடு! எவனுக்குடா கிடைக்கும்?” அந்தப் போலீஸ்காரரிடமே போனைக் கொடுத்து எங்களைப் படம் எடுக்கச் சொன்னான். அதில் நான் கைதி மாதிரியே இருக்கிறேன்.

சரி, தொலைகிறது, பாலம் பார்த்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிற சான் ஹோசே வந்து சேர்ந்தேன். ஓட்டலில் தங்குவானா? கரூர்க்காரர் ஒருவர் வீடு இருக்கிறதாம், சொல்லிவைத்திருக்கிறானாம். பெரிய அபார்ட்மென்ட் வளாகம், எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. “எந்த பில்டிங்டா?” என்றால், “பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், வாசல்ல செருப்பு ஸ்டாண்டு, அதான் அடையாளம்னாரு” என்று ஒரு கதவைத் தட்டினான். அந்த ஊரில் எந்தக் கதவில் தோரணம் இல்லை?

கதவைத் திறந்த அக்கா, “வாங்க வாங்க, இன்னும் காணோமேன்னு இப்பதான் சொல்லிட்டிருந்தேன். காபி குடிச்சிட்டு ஆரம்பிச்சுடலாம்” என்றார்.

“என்ன பாசம் பாத்தியா?” என்று என்னை இடித்தான் குக்கர்.

“ஆரம்பிக்கலாம்னா என்னத்தடா?”

“டிபனாத்தான் இருக்கும்.”

டிபன் இல்லை. அவர்கள் அன்று வீடு மாறுகிறார்கள். சோபா, கட்டில், கிரைண்டர், அந்த அக்காவின் கொலு பொம்மைப் பெட்டிகள் என்று எல்லாவற்றையும் மாடியிலிருந்து வாடகை லாரிக்கு நானும் குக்கரும் இறக்கினோம். பாலம் பார்க்க ஒதுக்கிய நாளில் நான் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். ஃப்ரிட்ஜ் இறங்கிய பிறகு குக்கருக்குப் போன் வந்தது. “எங்கப்பா இருக்கீங்க? காலையிலேர்ந்து தோசை ஆறுது!” கரூர்க்காரர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். “அப்ப சாமான் இறக்க என் ஆபீஸ் ஃப்ரெண்டு அனுப்பின ஆளுங்க நீங்க இல்லையா? எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சுங்க. வீடு தேடி வந்தவங்கள யாருன்னு எப்படிக் கேக்கறது?” யாரென்று கேட்கத் தயங்கியது அவர் மரியாதை. சோபாவை எதற்குத் தூக்குகிறோம் என்று கேட்காதது எங்கள் மரியாதை. இந்த மரியாதையில் என் நாள் போச்சு.

மறுநாள் ராத்திரி எடிசன் திரும்ப ஃபிளைட். காலையிலேயே பாலத்துக்குக் கிளம்ப வேண்டுமா இல்லையா? வீடு மாறிய குடும்பம் நன்றியோடு, புது வீட்டுச் சாவியைச் சாமி பாதத்தில் வைக்க லிவர்மோர் கோயிலுக்குப் போகிறோம், வருகிறீர்களா என்றது. பாலம் ஒரு திசை, லிவர்மோர் இன்னொரு திசை. “கார்ல சும்மா போறோம், கோயில்ல சாப்பாடு. விடலாமா?” என்று எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்தான் குக்கர். சிவனைக் கும்பிட்டான், விஷ்ணுவைக் கும்பிட்டான், மறுபடி சிவனிடம் போனான். வாழ்நாளில் அவன் பிரதட்சணம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ரயில், பஸ், இன்னொரு பஸ். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாலம் இல்லை. வெள்ளைவெளேரென்று பனிமூட்டம். கைப்பிடிக் கம்பி ஒன்று மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

நான் வெடித்தேன். சுற்றி நின்ற சீனாக்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் விலகி வழிவிட்டார்கள். “பாவி! உன்னை நம்பி வந்தேன் பாரு! நாளைக்கழிச்சு நான் ஊருக்குப் போறேன்டா! இனிமே எனக்கு எங்கடா பாலம்? ஒண்ணே ஒண்ணு கேட்டேன், அதையும் கெடுத்துட்டியே!”

குக்கர் முதுகுப் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெதுவாகச் சொன்னான். “மத்தியானத்துக்கு மேல ஃபாக் வரும்னு ஆப்ல பாத்தேன்டா. தெரிஞ்சுதான் கோயில்ல இழுத்தடிச்சேன்.”

“ஏன்டா?”

“பாத்து முடிச்சுட்டா நீ நிம்மதியாப் போயிடுவ. பாக்கலைன்னா திரும்பி வருவல்ல? அந்த ரூம்ல நான் மட்டும் என்னடா பண்றது?”

அதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று எழுதினால் பொய். ஃபிளைட் ஏறி எடிசன் வரும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இப்போது கோயம்புத்தூர் ஆபீஸில் என்னை ஒரு மீட்டிங்குக்காக சான் ஃபிரான்சிஸ்கோ அனுப்புகிறார்கள். இறங்கியதும் முதல் வேலையாகப் பாலத்துக்குக் கூட்டிப்போவதாக அங்கே இருப்பவர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாவி நியூ ஜெர்சியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து சேரட்டும். அவன் வராமல் நான் அந்தப் பாலத்தைப் பார்ப்பதாக இல்லை.