பீட்சா கடையில் ஒரு பேச்சுவார்த்தை

மனைவியை ஊரைவிட்டுப் போக விடுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அதை உரக்க அறிவிக்க முடியவில்லை. வாயைக் கொப்பளித்த பிறகு தைரியமும் தண்ணீரோடு போய்விட்டது.

விஷயம் வியாழக்கிழமை வந்த கடிதம். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அந்த ஆஸ்பத்திரி இன்னொரு ஊரில் புதிதாகக் கிளை திறக்கிறது. ரயிலில் எட்டு மணி நேரம். அங்கே லேபுக்குத் தலைவியாக அவளை அழைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மெக்கானிக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். ஒரே மகள் படிப்புக்காக ஹாஸ்டலில் இருந்தாள். மனைவியும் போய்விட்டால் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவரும் குளிர்சாதனப் பெட்டியும்தான். அதுவாவது நடுநடுவே உறுமும். போன வருடம் அவள் மூன்று நாள் பயிற்சிக்குப் போனபோது, வெந்நீர் வைக்கப் போய் இரண்டு பாத்திரங்களின் அடியைக் கருக்கியவர் அவர். அதைவிட மோசம் சாயங்காலங்கள். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. அந்த இருட்டு அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

'போகாதே' என்று சொல்லலாம். ஆனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் மனைவியிடம் அவர் அந்த வார்த்தையை உபயோகித்ததே இல்லை. 'யோசிச்சுக்கோ' என்பதுதான் அவருடைய அதிகபட்சக் கர்ஜனை.

அதனால் நேரடித் தாக்குதலைக் கைவிட்டுச் சுற்றி வளைக்கத் தீர்மானித்தார்.

"நாளைக்கு மத்தியானம் சமைக்காதே. வெளியே போறோம்."

"எங்கே?"

"நம்ம பீட்சா கடைக்கு."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஊசி குத்த நரம்பு தேடும் பார்வை.

"சரி, போகலாம்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

அந்தக் கடை சாதாரணக் கடை அல்ல. கல்யாணமான புதிதில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஒருவர் சட்டை மாட்ட வேண்டுமென்றால் மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையிலிருந்து தப்பித்து இருவரும் அங்கே நடந்தே போவார்கள். ஜன்னலோர மேஜை. இரண்டு பேருக்கு ஒரு பீட்சா. கண்ணாடிக்குப் பின்னால் மீசைக்கார மாஸ்டர் மாவு வட்டத்தை மேலே வீசிப் பிடிப்பார். மனைவி பக்கத்துப் பாதியில் மட்டும் காளான் கூடுதலாக இருக்கும். ஒரு துண்டைப் பிய்த்தால் சீஸ் நூல்நூலாக மேஜைக்குக் குறுக்கே நீளும். மகள் பிறந்து, பரீட்சைகள் வந்து, கடைசியாக இருவரும் அங்கே போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த மேஜையில் அவளை உட்காரவைத்துவிட்டால் போதும், மீதியை சீஸ் பார்த்துக்கொள்ளும் என்று மெக்கானிக் கணக்குப் போட்டார்.

ஞாயிறு மதியம் தூறிக்கொண்டிருந்தது. கடையின் பெயர்ப்பலகையில் பாதி விளக்கு செத்திருந்தது. உள்ளே ஈரத் துணி வாடை. ஜன்னலோர மேஜை இருந்தது, ஜன்னல்தான் இல்லை. அதாவது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சுவரொட்டியைக் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தார்கள். தெருவைப் பார்த்த இடத்தில் இப்போது அந்த எழுத்துகளின் முதுகு தெரிந்தது.

"மேஜை அப்படியே இருக்கு பாத்தியா!"

"ஆமா, ஒரு கால்தான் குட்டையாயிடுச்சு."

மேஜை ஒருபக்கமாகச் சாய்ந்தது. மெக்கானிக் பஸ் டிக்கெட்டை மடித்துக் காலுக்கடியில் வைத்தார். இன்னும் சாய்ந்தது. தொழில்முறை அவமானம்.

ஆர்டர் எடுக்க ஆள் கிடையாது. தொடுதிரையில் நாமே தட்ட வேண்டுமாம். காளானைத் தட்டினார். 'இருப்பில் இல்லை' என்றது. மறுபடி தட்டினார். 'நன்றி, உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது' என்றது.

எது ஏற்கப்பட்டது என்பது அரை மணி கழித்து அட்டைப்பெட்டியில் வந்தது. தட்டே கிடையாது. ஓரம் செருப்பின் அடிப்பாகம், நடு ஊறிய காகிதம்.

"எப்படிம்மா இருக்கு?"

"இடமா, பீட்சாவா?"

"பழைய ஞாபகம்."

"ஞாபகம் சூடாத்தான் இருக்கு. பீட்சாதான் ஆறிப்போச்சு."

"இங்க உட்கார்ந்துதான் நீ சொன்னே, நாம எங்கேயும் போக வேண்டாம், இப்படியே இருந்துடலாம்னு."

"அப்போ பசிங்க."

மெக்கானிக் ஒரு துண்டைத் தூக்கினார். சீஸ் நீளவில்லை. பிளாஸ்டர் உரிவதுபோல் மொத்தமாகக் கழன்று பெட்டியில் விழுந்தது.

"முன்னெல்லாம் எப்படி இழுபடும்!"

"இப்பவும் இழுபடுது. மூணு நாளா நீங்க ஒரு விஷயத்தை இழுத்துக்கிட்டிருக்கீங்களே."

கையிலிருந்த துண்டைக் கடித்து விழுங்கினார். பாதி துக்கம், பாதி பீட்சா. கோபம் யார் மேல் என்று தெரியாததால் எழுந்து கல்லாவுக்குப் போனார். அங்கே டை கட்டிய மேனேஜர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீசைக்கார மாஸ்டர் எங்கே?"

"அவர் போய் அஞ்சு வருஷம் ஆச்சு சார். வேற ஊர்ல சொந்தமா கடை போட்டிருக்கார். நல்ல கூட்டமாம்."

"அப்போ மாவு யாரு பிசையறா?"

"யாரும் பிசையறதில்லை சார். வட்டமாவே வந்துடும். நாங்க சூடு பண்றதோட சரி."

"சூடும் பண்ணலையேய்யா!"

கடையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்குக்குக் குரல் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக வீட்டில் வராத குரல்.

"ஒரே இடத்துல நகராம உட்கார்ந்திருந்தா இப்படித்தான்யா ஆகும்! எப்படியும் வந்து தின்னுட்டுப் போவாங்கன்னு ஒரு அலட்சியம்! அந்த மாஸ்டர் போனதுல தப்பே இல்லை. கையில தொழில் இருக்கிறவர் இங்க எதுக்குக் கிடக்கணும்? இருந்திருந்தா அவரும் உங்களை மாதிரி பெட்டியைப் பிரிச்சுச் சூடு பண்ணிக்கிட்டு இருந்திருப்பார். சரியான நேரத்துல கிளம்பினார் பாரு, அவர் புத்திசாலி!"

மேனேஜர் இலவச கூல்டிரிங்க் ஒன்று கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு, ஜெயித்த நடையில் மேஜைக்குத் திரும்பினார். மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சொல்லி முடிச்சீங்களா?"

"முடிச்சேன். விடுவேனா?"

"நல்லா சொன்னீங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் வைக்கலை."

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்போல மெக்கானிக் விழித்தார். தான் என்ன பேசினோம் என்பது ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பி வந்து அவர் மேல் உட்கார்ந்தது.

"நான் கடையைச் சொன்னேம்மா."

"தெரியுதுங்க."

"இந்தக் கடை இப்படி நாசமாப் போயிருக்கும்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

"எனக்குத் தெரியும். போன மாசம் லேப்ல ஒரு பொண்ணோட பிறந்தநாளுக்கு இங்கதான் வந்தோம்."

"அப்புறம் ஏன் சரின்னே?"

"நான் சொன்னா நம்புவீங்களா? 'நம்ம கடையைக் குறை சொல்லாதே'ன்னு ரெண்டு நாள் பேசாம இருப்பீங்க. நீங்களே ஒரு வாய் சாப்பிட்டாத்தான் உங்களுக்கு ஏறும்."

வெளியே தூறல் மழையானது. சுவரொட்டிக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. மெக்கானிக் வெகுநேரம் கூல்டிரிங்க் மூடியையே திருகிக்கொண்டிருந்தார். பிறகு, கல்லாவில் கத்திய அதே ஆளா என்று சந்தேகப்படும்படியான குரலில் சொன்னார்:

"நீ போயிட்டா, வீட்டுல தனியா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவள் காகித நாப்கினை எடுத்து அவர் சட்டையில் ஒட்டியிருந்த தக்காளிச் சாற்றைத் துடைத்தாள்.

"உங்களைத் தனியா இருக்கச் சொன்னது யாரு? நீங்களும்தான் வரீங்க."

"நானா? என் வேலை? இந்த ஊர்ல பாதிக் கட்டடம் என்னை நம்பித்தான் மேலே ஏறுது. கம்பெனியில விடுவாங்களா?"

"அங்கேயும் உங்க கம்பெனிக்குக் கிளை இருக்கு. வெள்ளிக்கிழமையே உங்க மேனேஜர்கிட்ட பேசிட்டேன்."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பெனி தன்னை விடாது என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த கடைசி நம்பிக்கை.

"ரொம்ப வருத்தப்பட்டிருப்பாரே. என்ன சொன்னார்?"

"'நாளைக்கே அனுப்பிடவா?'ன்னு கேட்டார்ங்க."