பாஸான காதைப் பற்றி மச்சானுக்கு

ராயபுரம்,
12-8-1953

மரியாதைக்குரிய மச்சான் ஜேக்கப் அவர்களுக்குத் தங்கள் தங்கை புருஷன் யேசுதாஸ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையில் இங்கே என் காது நீங்கலாக எல்லோரும் சுகம். கோலாரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமா என்று அறிய ஆவல்.

இதை ரகசியமாக எழுதுகிறேன். ஃப்ளோரா அடுப்படியில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் என்னை வேலைக்கு அனுப்ப மாட்டாள். அப்புறம் நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் ஒரு டாக்டரம்மா வந்து, ஐம்பது தாண்டினவர்களுக்கெல்லாம் காது பார்த்தார். வலிக்காத காதைக் கொண்டுபோய்க் காட்டுவது இன்னா பழக்கம் என்று எனக்குச் சிரிப்பு. சரி, பார்ப்போமே என்று எங்கள் பாய்லர் கொட்டகை ஆட்கள் ஏழு பேரும் வரிசையில் நின்றோம். அந்தம்மா இருபதடி தள்ளி நின்று குசுகுசுவென்று ஒரு வார்த்தை சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். முருங்கைக்காய் என்றார், சொன்னேன். தொண்ணூற்றாறு என்றார், சொன்னேன். பக்கத்து நர்சிடம் இந்த ஆள் சட்டையில் பொத்தானே இல்லை என்று முணுமுணுத்தார், அதற்கும் நாளைக்கு வீட்டில் தைத்துவிடுவாங்கம்மா என்று பதில் சொன்னேன். எனக்குப் பின்னால் கோதண்டம், சுப்புராஜ், எல்லோரும் பாஸ். முப்பது வருஷமாகச் சுத்தியலால் ரிவிட்டு ஆணி அடிக்கிறவர்கள் பாஸாகிவிட, நாள் முழுக்கப் பேனா பிடிக்கிற கோயில் கிளார்க் பெயில். டாக்டரம்மாவுக்குக் குழப்பம், எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கோதண்டம்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"எங்க கொட்டாயில சுத்தியல் சத்தத்துல யாரு பேச்சும்மா கேக்கும்? ஒதட்டப் பாத்தே பேசிக்குவோம். அந்தாண்ட கோடில கீறவன் இன்னா திட்றான்னு இங்கேர்ந்தே சொல்லிடுவேன்."

உடனே அந்தம்மா ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். ரொம்ப நேரமாகவே, "ஆரம்பிங்கம்மா" என்றேன். ஹாலே சிரித்தது. அவர் பதினோரு வார்த்தை சொல்லி முடித்திருந்தாராம். பிறகு கைக்கடிகாரத்தை என் காதோடு வைத்தார். சாவி கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். விநாடி முள் ஓடிக்கொண்டிருக்கிறது, மச்சான். ஓடுகிறது, சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

போனது வராதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். பஞ்சில் வாசலின் தடவிக் காதில் அடைத்துக்கொண்டுதான் சுத்தியலைத் தொட வேண்டும், வருஷம் ஒரு தரம் காதைக் காட்ட வேண்டும். அன்று முதல் எனக்கு ஒரே ஆராய்ச்சிதான். குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். கண்ணை மூடினால் தண்ணீரும் நின்றுபோகிறது. காக்கை வாயைத் திறக்கிறது, கேட்கிறது. சிட்டுக்குருவி வாயைத் திறக்கிறது, ஒன்றுமில்லை. குருவிக்கு எப்போதுமே சத்தம் உண்டா என்று ஃப்ளோராவிடம் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தாங்களும் இருபத்தெட்டு வருஷமாகக் கல் உடைக்கிற மில்லில் நிற்கிறீர்கள். தயவுசெய்து காதைக் காட்டுங்கள், காட்டும்போது டாக்டர் வாயைப் பார்க்காதீர்கள். ஃப்ளோராவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் வீட்டுக் காதுகளையெல்லாம் மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
யேசுதாஸ்

பின்குறிப்பு: அண்ணே, ஃப்ளோரா எழுதறேன். உறையை ஒட்டிப் பொட்டியில போடச் சொல்லி என்கிட்டயே கொடுத்தாரு. எழுத எழுத ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிச்சாரு. முணுமுணுக்கிறதா அவருக்கு நெனப்பு. ரகசியமாக எழுதுகிறேன்னு அவரு கத்துனப்பவே எதுத்தவூட்டு ஜீனத் அக்கா வாசலுக்கு வந்துட்டாங்க. பஞ்சும் வாசலினும் வாங்கி சாப்பாட்டு கேரியர்ல வெச்சிட்டேன், வேலைக்குப் போவட்டும். எனக்கு இது புதுசு இல்ல. எட்டு வருஷமா அவரு முன்னால வந்து நின்னுகினுதான் பேசறேன், அது அவருக்குத் தெரியாது. அண்ணியும் உன் முன்னால வந்து நின்னுதான் பேசறாங்களான்னு இன்னிக்கே பாரு.