கத்திய மாடும் நைட் ஷிப்ட் தூக்கமும்

காலை ஐந்தே முக்கால் மணி. கண் விழித்ததும் முதலில் பார்த்தது, மாட்டின் வாலடியில் கண்ணாடிக் கயிறு போலத் தொங்கிய வழும்பை. (மற்றவர்கள் விழித்ததும் சாமி படம் பார்ப்பார்கள்.) அடுத்த நிமிடம் மாடு கத்தியது. பருவத்துக்கு வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், பருத்திப்பட்டில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸின் மதிலை ஒட்டி எங்கள் வீடு. மாட்டுக்கு இரண்டு தடவை சினை ஊசி போட்டும் கரு நிற்கவில்லை. தீவனம் போதவில்லை, வெயில் அதிகம், ஊசி தாமதம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "இந்த தபாவும் நிக்கலைனா குமணன்சாவடி தரகர்கிட்ட புட்சி குத்துடுவேன்."

எனக்கு மாட்டை விற்பது மாட்டோடு முடிகிற விஷயமல்ல. குவார்ட்டர்ஸில் மல்லிகா வீட்டுக்குப் பால் ஊற்றுபவன் நான். படிப்பை முடித்து வேலையில்லாமல் இருந்தவனுக்கு அந்தக் கதவைத் தட்ட வேறு காரணம் கிடையாது. "நுரை அடங்கட்டும், பொறவு அளங்க" என்பாள். அடங்கும்வரை நிற்பேன். அந்த நாளில் நான் வாழ்ந்தது அவ்வளவுதான். நுரை நிறைய வரட்டும் என்று உயரத்திலிருந்து ஊற்றிப் பழகியிருந்தேன்.

காலையில் கத்தும் மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி போட வேண்டும். அம்மா கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பினாள். கம்பவுண்டர் வரும்வரை மாடு என் பொறுப்பு.

மாடு ஓயவில்லை. மதிலுக்கு மேலே மல்லிகாவின் அப்பா தலையை நீட்டினார். திருநெல்வேலிக்காரர். நைட் ஷிப்ட் முடித்து வந்த கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, ஒங்க மாடு வாய மூடாதோ? கண்ணசர முடியலயே!"

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள். வருங்கால மாமனாரின் வேண்டுகோளாகவே எடுத்துக்கொண்டேன். (அவர் வருங்கால மாமனார் என்பது அவருக்குத் தெரியாது. மல்லிகாவுக்கும் தெரியாது.) மாட்டை அவிழ்த்து ஏரிக்கு ஓட்டினேன்.

ஏரியில் எருமைகள் கிடந்தன. மாடு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, அவற்றின் நடுவே கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. எனக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்று "வாம்மா, வாம்மா" என்று கெஞ்சினேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (அந்த வயதில் அது எனக்குப் பழக்கமான நிலைதான்.)

எருமைகள் கரையேறிய பிறகே அதுவும் ஏறியது. இருவரும் சேற்றோடு வீடு சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். கம்பவுண்டர் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்.

"பேமானி! ஊசி போட ஆளு வந்து நின்னுட்டுப் பூட்டாரு. நீ மாட்டுக்கு நீச்சல் கத்துக் குத்துகினு கீறியா?" என்றாள் அம்மா.

மறுநாள் கம்பவுண்டர் வந்து கையை விட்டுப் பார்த்தார். "பருவம் தாண்டிப் பூடிச்சு, நைனா. போடுறேன். நிக்காது."

"கொஞ்சம் பாருங்க அண்ணாத்தே."

"நான் இன்னாத்தப் பாக்குறது? நேத்து நீ பாத்திருக்கணும்."

அன்று பால் கொண்டுபோனபோது மல்லிகாவின் அப்பாவே கதவைத் திறந்தார். "நேத்து மாதிரி நான் என்னைக்கும் தூங்குனதில்ல, பாத்துக்கோ" என்று என் தோளைத் தட்டினார். உள்ளே மல்லிகா சிரிப்பது கேட்டது. முகம் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் மாடு மறுபடி கத்தியது. அம்மா சொன்னபடியே செய்தாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பகலில் படுத்தால் என் தம்பி கேட்பான்: "அண்ணே, மாட்ட ஏரிக்கு ஓட்டிகினு போறியா?"

தரகர் மாட்டை ஓட்டிப் போன மறுநாளிலிருந்து மல்லிகா வீட்டில் பாக்கெட் பால் வாங்கினார்கள்.