கல்லுக்குழிப்பாளையத்து யானைகள்

கோயம்புத்தூரில் ஒளியிழைத் தகவல் தொடர்பு மற்றும் உயர் அதிர்வெண் மின்னணு உதிரிபாக உயராய்வு மையம் என்று ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை முன்சுவரில் அடங்காமல் பக்கச்சுவருக்குத் திரும்பியிருந்ததால், நேராக வருகிறவர்களுக்கு 'ஒளியிழைத் தகவல் தொடர்பு மற்றும் உயர்' என்பது வரைதான் தெரியும். அந்த மையத்தில் எல்லாருமே உயர்ந்தவர்கள். ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது டாக்டர் கெசியா ஒருத்திதான்.

தொண்டாமுத்தூர் தாண்டி, மலையடிவாரத்தில் உள்ள கல்லுக்குழிப்பாளையத்தில், தோட்டங்களின் ஓரமாக அவள் ஒரு கேபிளைப் புதைத்திருந்தாள். கேபிளுக்குள் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. இழைக்குள் ஒளி ஓடும். மேலே யானை கால் வைத்தால் மண் அதிரும். மண் அதிர்ந்தால் ஒளி தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை அவளே பற்றவைத்துச் செய்த ஒரு பெட்டி படித்து, ஊர்க்காரர்களைப் போனில் கூப்பிட்டு 'யானை வருகிறது' என்று சொல்லும். மாடு நடந்தாலும் டிராக்டர் போனாலும் வாயே திறக்காது. பெட்டி வந்த நாளிலிருந்து ஊரில் ஒரு வாழைகூடச் சாயவில்லை.

"உங்க மிஷினு பொய் பேசாதுங்க அம்மணி" என்று வாழைத்தோட்டக்காரர் மாசாணம் அவள் வரும்போதெல்லாம் சொல்லுவார். கெசியாவுக்கு அது டாக்டர் பட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நன்றாக நடக்கும் ஆராய்ச்சியை மேலிடம் சும்மா விடாது. பார்வையிடத் துறைத் தலைமையகத்து இணை இயக்குநர் அழகிரிசாமி வந்தார். மையத்தின் இயக்குநர் தமிழ்வேந்தன் பொன்னாடை போர்த்தி, கேபிள் புதைத்த இடத்துக்கு அழைத்துவந்தார்.

"எங்கம்மா வெளிச்சம்?" என்றார் அழகிரிசாமி.

"கேபிளுக்குள்ள இருக்குங்க சார்."

"ஒண்ணும் தெரியலையே?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. அகச்சிவப்பு ஒளி."

"சிவப்புன்னா தெரியணுமே?"

"அகச்சிவப்புங்க சார்."

அழகிரிசாமி பெருமூச்சு விட்டார். "சரி, யானையாவது காட்டுங்க. எத்தனை மணிக்கு வரும்?"

"அது வாரப்பத்தானுங்க வரும்."

"வெளிச்சமும் தெரியாது, யானையும் வராது. நான் எதைப் பார்த்தேன்னு சான்று குடுக்கறது?"

வெள்ளிக்கிழமை முறையான செயல்விளக்கம் காட்ட வேண்டும், தவறினால் திட்டத்தை மூடிவிட வேண்டும் என்று உத்தரவானது. திட்டத்தின் பெயரில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல் இல்லாததையும் அவர் வருத்தத்துடன் சுட்டிக்காட்டினார்.

யானையை வாடகைக்குப் பிடிக்க முடியாது. அதற்கு வேறொரு துறையின் அனுமதி வேண்டும். அந்தத் துறையோடு இந்தத் துறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே மையத்தின் மூத்த பேராசிரியர்களைக் கேபிள்மேல் ஒன்றாகக் குதிக்கவைத்து ஒத்திகை பார்த்தார்கள். குதித்தார்கள். பெட்டி பேசவில்லை. ஓய்வுபெறப் போகும் ஒருவர் வீம்புக்கு இன்னொரு தடவை குதித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதற்கும் பெட்டி அசையவில்லை.

தமிழ்வேந்தன் கெசியாவைத் தனியே அழைத்தார். மனிதர் எப்போதும் மேடைத் தமிழில்தான் பேசுவார். "அம்மையீர், இப்பெட்டியில் செயற்கை நுண்ணறிவு உள்ளதா?"

"கொஞ்சம் இருக்குங்க சார். எது யானைக் காலடி, எது ஆள் காலடின்னு கத்துக்குடுத்து வெச்சிருக்கேன்."

"எனில் மறுபடி கற்பியுங்கள். நம் பேராசிரியர்களையும் யானையென ஏற்கச் சொல்லுங்கள்."

"அது பொய்யாப் போயிருமுங்களே?"

"பொய் அன்று. செயல்விளக்கம்."

முடியாது என்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். மாசாணத்தின் ஊர் மறுபடி இருட்டில் யானைக்குக் காத்திருக்கும். ஒரு நாளைக்குத்தானே, மறுநாளே மாற்றிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மனிதக் காலடி அத்தனையும் யானைதான் என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தாள். நல்ல பெட்டி. சொன்னவுடன் கற்றுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் கோட்டும் டையுமாகக் குதித்தார்கள். 'யானை வருகிறது' என்று ஊர் முழுக்கப் போன் அடித்தது. அழகிரிசாமி எழுந்து நின்று கைதட்டினார்.

திங்கட்கிழமை பழையபடி மாற்றப் போனால், பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

"சான்றளிக்கப்பட்ட பெட்டி. திருத்தக் குழு ஒப்புதலின்றித் தொடலாகாது" என்றார் தமிழ்வேந்தன்.

"குழு எப்பங்க கூடும்?"

"முதலில் குழுவை அமைக்க வேண்டும். அதற்கொரு குழு அமைக்கப்பட்டுள்ளது."

அன்று சாயங்காலமே மாசாணம் போன் செய்தார். "ஏனுங்க அம்மணி, நா தண்ணி கட்டப் போனா எம்பட ஊட்டுக்காரிக்குப் போன் வருதுங்க, யானை வருதுன்னு. அவளும் 'தெரியுமுங்க'ன்னு சொல்லி வெச்சர்றா."

பள்ளிக்கூடம் விட்டால் யானை, பால் ஊற்ற ஆள் போனால் யானை. ஊரில் ஒவ்வொருவராகப் போனை அணைத்தார்கள். அணைக்கத் தெரியாத மாசாணம் அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் நிஜ யானை வந்தது.

விடிந்ததும் கெசியா போய்ப் பார்த்தாள். வாழைத்தார் விட்டிருந்த தோட்டம் மிதித்த பாயாகக் கிடந்தது. மாசாணம் தண்ணித்தொட்டி மேல் ஏறி உயிர் தப்பியிருந்தார். அவர் திட்டியிருந்தால் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

"மிஷினு சொல்லியிருக்குதுங்க அம்மணி. நாந்தான் டிரம்முல போட்டுபோட்டேன்" என்றார்.

அங்கிருந்து நேராக அழகிரிசாமியின் அலுவலகத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டிக்குப் பொய் கற்றுக்கொடுத்தது நான்தான், நடவடிக்கை எடுங்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"போன வருஷம் உங்க பெட்டி எத்தனை யானையைக் கண்டுபிடிச்சுது? விரல்விட்டு எண்ணலாம். இந்த மாசம் மட்டும் ஆயிரக்கணக்குல. இது சாதனைம்மா. சாதனைக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா?"

மையத்துக்கு விருது வந்தது. கெசியாவின் பெயரையும் போட்டிருந்தார்கள். யானைத் தொல்லை மிகுந்த ஊர் என்று கல்லுக்குழிப்பாளையத்துக்கு ஒரு சலுகையும் வந்தது. பெட்டியில் யானை பதிவானால் போதும். நேரில் வந்து பார்க்காமலேயே நஷ்டஈடு.

பிறகு ஊரார் சாயங்காலமானால் கேபிள் ஓரமாகவே நடந்தார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் நடந்தார்கள். இல்லாதவர்களும் நடந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவந்து நடக்கவிட்டார்கள். இந்தச் சந்தடியைப் பார்த்து மலையிலிருந்து ஒரு யானையும் இறங்கவில்லை. கெசியாவுக்கு எல்லாம் தெரியும். யானை வராமலிருந்தால் சரிதானே என்று இருந்துவிட்டாள். விருதைச் சுவரில் மாட்டக்கூட மாட்டினாள்.

அடுத்ததாக, இத்தனை யானைகள் உலாவும் இடத்தில் மனிதர் வசிப்பது யானைகளுக்கு இடைஞ்சல் என்று மேலிடம் கண்டுபிடித்தது. ஊரைக் காலி செய்து யானைகளுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தும்விட்டது. கருத்துக்கேட்பு நடத்த அழகிரிசாமியே வந்தார்.

"அது யானையில்லீங்க, நாங்கதானுங்க!" என்று ஊரே எழுந்து கத்தியது.

"பதிவுல மனுசங்க ஒருத்தர்கூட இல்லைங்களே" என்றார் அவர்.

கெசியா எழுந்தாள். இந்தத் தடவை எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவங்க சொல்றது நிஜமுங்க சார். பதிவானதெல்லாம் மனுசங்கதான்."

"நல்லது. அப்படியே எழுதிக்கறேன்" என்று அழகிரிசாமி பேனாவைத் திறந்தார். "மனுசங்கன்னா வாங்குன நஷ்டஈட்டைத் திருப்பிக் கட்டணும். மேடம்மேல வழக்குப் போடணும். ஆனா ஊரை யானைக்குன்னு அறிவிச்சது அறிவிச்சதுதான். மனுசங்க இங்க இருக்கக்கூடாது. யானைன்னா ஒரு பிரச்சினையும் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க மனுசங்களா, யானைங்களா?"

ஊர் கூடிக் குசுகுசுவென்று பேசியது. கெசியா தலை நிமிரவில்லை. கடைசியில் மாசாணம் முன்னே வந்தார்.

"யானைன்னே எழுதிக்குங்க சார். யானைன்னாத்தான் எங்கூர்ல இருக்க உடுவீங்கன்னா, இருந்துட்டுப் போறமுங்க."

அழகிரிசாமி எழுதினார். எழுதியதைத் தெளிவாகப் படித்தும் காட்டினார். கையெழுத்துப் போட மாசாணம் பேனாவை வாங்கக் கையை நீட்டியபோது அதைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"யானை எங்கயாவது கையெழுத்துப் போடுமா? ரேகை வைங்க."

பி.காம். படித்தவர்கள், பஞ்சாயத்துத் தலைவர், பள்ளிக்கூட டீச்சர் எல்லாரும் வரிசையில் வந்து மைப்பெட்டியில் விரலைத் தொட்டு ரேகை வைத்தார்கள். வரிசை முடிந்ததும் அவர் தாளைக் கெசியாவின் பக்கம் தள்ளினார்.

"நீங்களும் இந்தக் கேபிள்மேல நடந்திருக்கீங்கல்ல மேடம்?"

டாக்டர் கெசியா கட்டைவிரலை மைப்பெட்டியில் நன்றாக அழுத்தினாள்.