கரண்டு மாமாவிடம் மிஞ்சிய ஸ்க்ரூ

மின்னல் என்பது வானத்தில் இருக்கும் ஒரு லூஸ் கனெக்‌ஷன். உயரமான ஏணி மட்டும் கிடைத்திருந்தால் கரண்டு மாமா அதை என்றைக்கோ டேப் சுற்றி அடக்கியிருப்பார். இது கதை கட்டியதல்ல. அவரே சொன்னது.

உங்கள் தெருவிலும் இந்த இனத்தில் ஒருவர் இருப்பார். ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிள், வயிறு உப்பிய டூல்ஸ் பை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவை மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் நடுவில் குந்தியிருப்பவர் அவர்தான். மெக்கானிக்கிடம் போகமாட்டார். போனால், பாடம் எடுக்கத்தான் போவார்.

மாமா முதலில் சீட்டைக் கழற்றுவார், பக்கத்து மூடியைக் கழற்றுவார், பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றி, அத்தையின் பல் பிரஷ்ஷால் (அது பழசு என்று முடிவு செய்தவர் மாமா) தேய்ப்பார், கிரீஸ் தடவுவார், ஒவ்வொரு வயரையும் நாடி பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்து நிமிரும்போது கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். மிஞ்சாத வாரமே இல்லை. “கம்பெனிக்காரன் பயந்துபோய் எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்” என்று அதை டப்பாவில் போடுவார். அந்த டப்பாவில் இப்போது பாதி வண்டி இருக்கிறது.

பராமரிப்போடு நின்றாரா? வண்டியை நவீனப்படுத்த வேண்டாமா? இண்டிகேட்டருக்கு எல்.ஈ.டி. பல்ப் போட்டார், அன்றிலிருந்து அது பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் கண்ணைப்போல் படபடவென்று அடிக்கிறது. அவசரமாகப் போகிறேன் என்று பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டாமா என்பது மாமாவின் விளக்கம். அடுத்து ஹாண்டில்பாரில் போன் சார்ஜர், குட்டி நீல விளக்கோடு. ஊரில் எல்லோரும் சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி அதற்கு வயர் கொடுப்பார்கள். மாமா நேரே பேட்டரியில் கொடுத்தார். சாவியிடம் போய்க் கெஞ்சுவானேன்?

நீல விளக்கு இராப்பகலாக எரிந்தது. வயசான பேட்டரி மூன்றே நாளில் படுத்துவிட்டது. மாமா பிளக்கை மாற்றினார், ஹாரனைச் சந்தேகித்தார், ஈரக்காற்றைத் திட்டினார். நீல விளக்கை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்லப்பிள்ளை.

இந்த நேரம் பார்த்து, வேலையை விட்டு ஆறு வருஷம் வீட்டில் இருந்த அத்தைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது இதே வண்டிதான்.

“ஆட்டோ சொல்லிடவாங்க?” என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

மாமாவின் முகம் ஃபியூஸ் போய்விட்டது. “வண்டி கிளம்பும். கிளம்பலைன்னா நானே இதைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிட்டுப் போயிடறேன்.”

வியாழக்கிழமை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டினார். கணக்குப்படி அது ஞாயிற்றுக்கிழமை செத்துப்போக வேண்டும். ஆனால் தினமும் மாலையில் அவர் குளிக்கப் போனதும், அந்த வீட்டில் ஒரு கை பக்கத்து மூடியைத் திறந்து, சார்ஜரின் ஃபியூஸை உருவி ஒளித்துக்கொண்டது. காலையில் அவர் எழுவதற்குள் திரும்ப மாட்டிவிட்டது. அவரிடம் நேரில் சொல்லலாமே என்கிறீர்களா? நீங்கள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. அத்தை தோளைப் பிடித்துக்கொண்டாள். “சூட்சுமமே கிரீஸ்லதான் இருக்கு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, இண்டிகேட்டர் படபடக்க மாமா முனை திரும்பினார்.

சிரிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் மேஜை இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். எதிலிருந்து வந்ததென்று தெரியாத ஸ்க்ரூ எத்தனை கிடக்கிறது? எப்போதாவது உதவும் என்று வைத்திருக்கிறீர்கள், இல்லையா? இந்த வியாதி அப்படித்தான் ஆரம்பிக்கும். நல்லவேளையாக, இதை எழுதுகிறவருக்கு அந்த...

தோளுக்குப் பின்னால் கிரீஸ் வாசனை. எவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாரோ.

மாமா திட்டவில்லை. “ஃபியூஸை எடுத்தது சரி. வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன், நல்லதுக்குத்தானேன்னு விட்டேன்” என்றார். பிறகு கையை நீட்டினார். “மூடியில ஒரு ஸ்க்ரூ குறையுது. எங்க?”

சட்டைப் பைக்குள் விரலை விட்டேன். இருந்தது.

“கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா...” என்று ஆரம்பித்தேன்.